அம்லோடிபின் போட்டுக் கால் வீங்கினால் சிறுநீரகம் போச்சா?

"பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கால் வீங்கினால் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, உடனே மாத்திரையை நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வீக்கம் வருவது உண்மை. சொல்லும் காரணம் தவறு.

இந்த மாத்திரை, ரத்தத்தை உறுப்புகளுக்குக் கொண்டுபோகும் சிறு குழாய்களான நுண்தமனிகளைத் தளர்த்துகிறது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் அந்த அளவுக்குத் தளர்வதில்லை. அதனால் இரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம். உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்து வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை பெரிதாக உதவாது. மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுவது வீண் வேலை. மருத்துவர் அளவைக் குறைப்பார், டெல்மிசார்டன் போன்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார், அல்லது மருந்தையே மாற்றுவார்.

நீங்களாக நிறுத்தினால்? மருந்து உடம்பை விட்டு மெல்லத்தான் போகும், முதல் நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாத ஆபத்தும் கூடும்.

சரி, எல்லா வீக்கமும் மாத்திரையால்தானா? இல்லை. ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.