மாட்யூல் 9 பாஸ் பண்ணியாச்சு, அப்புறமும் ஏன் எம்எஸ்சி?

விமானப் பராமரிப்பில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஹியூமன் ஃபேக்டர்ஸ் (வேலையில் மனிதர் ஏன் தவறுகிறார் என்று பார்க்கும் துறை), பாதுகாப்பு இரண்டும் சேர்ந்த எம்எஸ்சிக்குப் போகிறேன் என்றதும் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடத்தில், வந்த முதல் கேள்வி, "அதான் மாட்யூல் 9 பாஸ் பண்ணிட்டியே, இன்னும் என்ன இருக்கு அதுல?"

பராமரிப்பு லைசென்ஸுக்காக நாம் எல்லோரும் எழுதிய ஹியூமன் ஃபேக்டர்ஸ் தேர்வுதான் மாட்யூல் 9. களைப்பு, நெருக்கடி, கவனச் சிதறல் என்று பழைய கேள்விகளை உருப்போட்டுப் பாஸ் பண்ணினோம். "ஜாக்கிரதையாக இரு" என்பதைத் தாண்டி அதிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

என்னை மாற்றியது 1990 ஜூன் 10 அன்று நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விபத்து. பர்மிங்காமிலிருந்து கிளம்பி 17,300 அடியில் ஏறிக்கொண்டிருக்கும்போது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, அவர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார், உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடியை மாட்டிய 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டம் குறைந்தவை, 0.66 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

"மேனுவலைப் பார்க்காமல் மாட்டிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் கண்ணாடியை மாற்றிய அந்த ராத்திரியைப் பாருங்கள். ஆள் பற்றாக்குறை, அதனால் ஷிஃப்ட் மேனேஜரே வேலையில் இறங்குகிறார். விடிகாலை மூன்று மணிக்கு மேல், மங்கலான வெளிச்சத்தில், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்து புதியதோடு ஒப்பிட்டு எடுக்கிறார். அந்தப் பழைய போல்ட்டே சரியான அளவு கிடையாது, ஆனாலும் நாலு வருஷம் கண்ணாடியைத் தாங்கி நின்றிருக்கிறது! மேடை எட்டாமல் சாய்ந்து நின்று முறுக்கியதில் போல்ட் தலை உட்கார்ந்த விதமும் கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றியபோது வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால் எனக்கும் நடந்தது. சில வருஷம் முன்னால் ஒரு நைட் ஷிஃப்டில் இன்ஜின் கவுலிங்கை (இன்ஜினின் வெளி மூடியை) மூடிவிட்டு வந்தேன். டூல் போர்டில் டார்ச் மாட்டும் இடம் மட்டும் காலி. விமானம் கிளம்ப நாற்பது நிமிஷம் இருக்கும்போது மறுபடி திறந்து, உள்ளே கிடந்ததை எடுத்தோம். விளக்கம் கேட்டார்கள், "இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதிக் கொடுத்தேன், ஃபைல் மூடப்பட்டது. நாலு பேர் வேலையை அன்று இரண்டு பேர் செய்தோம் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் ஹேங்கருக்குள்ளிருந்தே வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பிஇ முடித்த கையோடு இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள், முதலில் மூன்று வருஷமாவது ஷிஃப்ட் பாருங்கள். கை பிசுக்காகாமல் படித்தால் எல்லாம் வெறும் படமாகத்தான் மனதில் நிற்கும்.

ஆய்வுக்கு எடுக்கப்போவதும் முடிவாகிவிட்டது: ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிஷத்தில், பாதியில் நிற்கிற வேலையை அடுத்தவரிடம் என்ன சொல்லி ஒப்படைக்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம். பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை இன்பாக்ஸில் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.