தேடுதல் வேட்டை வேறு, போர் வேறு

ஜூலை 26 வந்தால் முகநூல் முழுக்கக் கார்கில் படங்கள். நானும் பகிர்கிறேன். ஆனால் அந்தப் போரில் உயிரைக் கொடுத்த 527 பேரை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது: தீவிரவாதிகளைத் தேடிப் பழகிய ராணுவம் போருக்கும் தயாராகிவிடுமா?

"காஷ்மீரில் தினமும் சண்டை போடுகிற ராணுவம், எந்தப் போருக்கும் தயார்" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1999 மே மாதம் கார்கில் பகுதியின் திராஸ், படாலிக் மலைகளில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும், ஊடுருவிய தீவிரவாதிகள், சீக்கிரம் விரட்டிவிடலாம் என்றுதான் முதலில் கணித்தார்கள். பத்து வருடமாகக் காஷ்மீர் பள்ளத்தாக்கில் பார்த்துப் பழகிய எதிரி அவன்தானே! மேலே பதுங்குகுழி கட்டி உட்கார்ந்திருந்ததோ பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பயிற்சி பெற்ற காலாட்படை.

தீவிரவாதிகளைத் தேடிக்கொண்டிருந்த 8வது மலைப்படைப் பிரிவைப் பள்ளத்தாக்கிலிருந்து அவசரமாகத் திராஸுக்கு அனுப்பினார்கள். அதுவரை அவர்கள் வேலை என்ன? விடியற்காலையில் ஒரு கிராமத்தைச் சுற்றிவளைப்பது, வீடு வீடாகத் தேடுவது, ஊர்மக்கள் மேல் குண்டு படாமல் இரண்டு மூன்று பேரை மடக்குவது. பீரங்கிக்கு அங்கே வேலையே கிடையாது. திராஸை ஒட்டிய டோலோலிங் மலையிலோ சுமார் 15,000 அடி உயரம், ஒதுங்க ஒரு மரம் இல்லாத சரிவு, உச்சியில் இயந்திரத் துப்பாக்கி. முதலில் ஏறியவர்கள் போதுமான பீரங்கித் துணையில்லாமல் ஏறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் சேர்ந்து முழங்கிய பிறகுதான், ஜூன் 13 அன்று 2 ராஜபுதனா ரைபிள்ஸ் என்ற காலாட்படைப் பிரிவு அந்த மலையைப் பிடித்தது. நடுவில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

தேடுதல் வேட்டையில் இளம் அதிகாரிகளுக்குத் துணிச்சலும் தலைமைப் பண்பும் வளரும், மறுக்கவில்லை. ஆனால் பீரங்கி, காலாட்படை, விமானம் மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைக்கும் பழக்கம் அதில் வராது. பயிற்சிக்கு வேண்டிய நாட்களையும் அது தின்றுவிடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவே, உள்நாட்டுப் பணியில் இந்த அளவு மூழ்கினால் எல்லையைக் காக்கும் முதல் கடமை பாதிக்கப்படும் என்று எழுதியது. அப்புறம் என்ன ஆனது? 2020-ல் லடாக்கில் சீனா நெருக்கியபோது ஜம்மு பக்கம் இருந்த ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையை (பல ராணுவப் பிரிவுகளிலிருந்து ஆட்களை எடுத்து, தீவிரவாதத்தை ஒடுக்கவென்றே அமைத்த படை இது) அங்கே மாற்ற வேண்டிவந்தது. ஒரே படையை இரண்டு வேலைக்கும் இழுக்கிறோம்.

காஷ்மீர் போலீஸையும் மத்திய காவல் படையான சிஆர்பிஎஃப்பையும் பலப்படுத்தி, ஊருக்குள் தேடும் வேலையைப் படிப்படியாக அவர்களிடம் கொடுங்கள். ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் ரோந்து போகும் பீரங்கிப் படைக்காரர் தன் பீரங்கிக்குத் திரும்பட்டும்.