வேகத்துக்குப் படி கொடுப்பது யார்?

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் தனியார் பேருந்தில் போய்வந்தவர்களுக்கு இது புதிதல்ல. வண்டி ஊருக்குள் இருக்கும்வரை உருட்டிக்கொண்டே போகும். சந்து முனையில் ஒரு தலை தெரிந்தால் நிற்கும், ஓடிவருகிறவருக்காக நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார். பின்னால் அடுத்த வண்டியின் ஹாரன் கேட்டதும் டபுள் விசில். ஊர் எல்லையைத் தாண்டியதும் அதே ஓட்டுநர் மிதிக்கிற மிதியில், நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். உருட்டியதில் போன நிமிடங்களை அடுத்த ஸ்டாண்டுக்குள் எடுத்தாக வேண்டும். பிந்திப் போனால் பின்வண்டிக்காரன் சண்டைக்கு வருவான், டைம் கீப்பர் கத்துவார், சில சமயம் அந்த நடையே போய்விடும்.

விபத்து நடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "குடிச்சிருப்பான்", "திமிர் பிடிச்சவன்", "சின்னப் பையன், வெறியில ஓட்டுறான்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல வண்டிகளில் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பார்த்துத்தான் படி. முன்வண்டி ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் இவர்கள் கை காய்ந்துவிடும். ஆக, நிதானமாக ஓட்டுகிறவருக்குத்தான் நஷ்டம். அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவருக்குப் புத்தி சொல்லி என்ன பயன்?

2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இந்தியா முழுக்க 1,68,491. அதில் 71 சதவீத இறப்புகளுக்குக் காரணம் அதிவேகம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. சரி, அந்த வேகம் எதற்காக? அதைச் சொல்ல அட்டவணையில் இடமில்லை. இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள், கிட்டத்தட்ட 5-ல் ஒருவர் நடந்து போனவர். வேகமாக வரும் பெரிய வண்டிக்கு முன்னால் தகரம்கூட மறைப்பாக இல்லாதவர்கள்.

சிலி நாட்டின் சாண்டியாகோ நகரிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். ஏற்றும் பயணிக்கு இவ்வளவு என்று ஓட்டுநருக்குக் கூலி. தெருவில் பேருந்துகள் முட்டி மோதிக்கொண்டதை அந்த ஊர்க்காரர்கள் 'டிக்கெட்டுக்கான போர்' என்றே அழைத்தார்கள். 2007-ல் அங்கே பேருந்து ஏற்பாட்டையே மாற்றினார்கள். இரண்டு விதக் கூலியையும் ஒப்பிட்டுப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் கண்டது: தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் ஓட்டுநர்களால் பயணிகள் காத்திருக்கும் நேரம் கொஞ்சம் குறைகிறது, விபத்து அதைவிட அதிகமாகக் கூடுகிறது. ஊர் அதே ஊர், அதே சாலைகள். வித்தியாசம் கூலியில்.

நம் ஊரில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை வகுத்துக் கொடுப்பது போக்குவரத்துத் துறை. பெர்மிட் கொடுக்கும்போதே, அந்த வழித்தடத்தில் மாதச் சம்பளம்தான், வசூல் படி கிடையாது என்று நிபந்தனை போட முயலலாம். சட்டத்தில் இடமில்லை என்றால் திருத்தலாம். ஒரே வழித்தடத்து வண்டிகளின் வசூலைப் பொதுவில் போட்டு, ஓடிய தூரத்துக்கு ஏற்ப முதலாளிகள் பிரித்துக்கொள்ளலாம். "வசூல் குறையும், கண்டக்டர் ஆள் ஏற்ற மாட்டான்" என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும். சாண்டியாகோவிலும் அந்த விலையைக் கொடுத்துத்தான் மாற்றினார்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு கிராமத்து நிறுத்தத்தை 75-ல் கடந்தால் அந்தக் கருவிக்கு ஒரு குறையும் தெரியாது. (அதையும் கழற்றி வைத்திருக்கிற வண்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.)

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. 'அந்த வண்டியில ஏறு, பறப்பான்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நாம். கென்யாவில் மினி பஸ்களுக்குள், ஓட்டுநர் தாறுமாறாக ஓட்டினால் வாய் திறந்து சொல்லுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் ஸ்டிக்கர்களை ஒட்டிப் பார்த்தார்கள். அந்த வண்டிகளின் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியாகக் குறைந்தன. நம் வண்டிக்குள் "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று ஒரு அம்மா சொன்னால், "டைம் ஆச்சுங்க" என்று பின்சீட்டில் இருந்தே பதில் வரும். ஓட்டுநர் வாயைத் திறக்கவே தேவையில்லை.

பேருந்தோடு இது நிற்கவில்லை. டிரிப் கணக்கில் படி வாங்கும் லாரி ஓட்டுநர், ஆர்டர் கணக்கில் காசு பார்க்கும் டெலிவரி பையன், எல்லாரும் இதே கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கிறார்கள். ஆனால் பேருந்தில் நேரமும் வழித்தடமும் அரசின் கையெழுத்தோடு வருகிறது என்பதால், முதலில் அங்கேதான் கை வைக்க முடியும்.

இப்போது ஒரு உயிர் போனால் நடப்பது என்ன? ஓட்டுநர் மேல் வழக்கு, லைசென்ஸ் ரத்து. இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வண்டிக்கு மாற்று ஓட்டுநர் வந்துவிடுவார், அதே டைமிங், அதே படி. விசாரணையில் அன்றைய வசூல் எவ்வளவு, அந்த நடை எத்தனை நிமிடம் பிந்திக் கிளம்பியது, ஓட்டுநருக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலை வழக்குக் கட்டில் சேர்க்கட்டும். பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டாயம் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும்.