இஞ்சி இருக்கும்போது எட்டு எதற்கு?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த நூறு சொற்களாம். 'ஒன்று – ஒன்', 'எட்டு – எயிட்' என்று தொடங்கி, 'தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று முடிந்தது. பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள். முப்பது ஆண்டு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய கை சும்மா இருக்குமா? 'சித்தப்பா, எட்டு தப்பு' என்று எழுதிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. "நாலு புத்தகம் படித்துவிட்டால் தாய்மொழியையே விட்டுக்கொடுத்துவிடுவாயா? உன் அப்பா இருந்திருந்தால் இப்படிப் பேசுவாயா?" என்றார். அப்பாவை இழுத்த பிறகு என்ன பேச முடியும்? சரி என்று வைத்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். சித்தப்பா முகநூலில் இல்லை.

எட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் எட்டை எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன அல்லவா? பள்ளிக்கூடத்தில் அவற்றை விட்டுவிட்டு எழுதி நாம் எல்லோரும் அடி வாங்கியிருக்கிறோம். ஒரு காலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. பழைய ஆங்கிலத்தில் எட்டுக்கு 'எஅஹ்த' என்று பெயர். ஜெர்மன்காரர்கள் இன்றும் 'அஹ்ட்' என்று காறித்தான் சொல்கிறார்கள். லத்தீனில் அது 'ஒக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. நம் எட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. நம் வேர் 'எண்'. அவர்கள் பின்னால் போகப் போகத் தொண்டைக்குப் போகிறார்கள். நாம் பின்னால் போகப் போக மூக்குக்குப் போகிறோம். உண்மையான உறவினர்கள் என்றால் தாத்தா காலத்துக்குப் போகும்போது நெருங்க வேண்டும். இங்கே விலகுகிறார்கள்.

'ஒன்' கதையும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. முன்னால் வரும் அந்த 'வ' சாயல் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. அதே சொல்லிலிருந்து வந்த 'ஒன்லி', 'அலோன்' இரண்டிலும் அந்த 'வ' இன்றும் கிடையாது.

பழைய ஆங்கிலம் என்றதும் பலர் ஷேக்ஸ்பியரை நினைக்கிறார்கள். அவர் நேற்றைய ஆள். நானூறு ஆண்டுதான் ஆகிறது. நான் சொல்வது, இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரிட்டனுக்குப் போய் இறங்கிய கூட்டத்தாரின் மொழி. 1066-ல் நார்மன்காரர்கள் படையெடுத்து வென்று, அரசவையில் பிரெஞ்சு ஏறி உட்காரும்வரை அதுதான் அங்கே நாட்டுமொழி. இன்றைய ஆங்கிலேயரிடம் அதில் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பார். நாம் ஒரு குறளை எடுத்தால் பாதியாவது தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்கிறோம். பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாம். யாரிடமும் எட்டைப் பிடுங்க வேண்டியதில்லை.

அந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஹ்லாஃப்'. ரொட்டி என்று பொருள். இன்று பேக்கரியில் 'லோஃப்' என்று கேட்கிறோமே, அதுதான். அதோடு காவலன் என்று பொருள்படும் 'வெயார்ட்' சேர்ந்து 'ஹ்லாஃப்வெயார்ட்' ஆனது, ரொட்டிக் காவலன். அது தேய்ந்து 'ஹ்லாஃபோர்ட்', இன்னும் தேய்ந்து 'லோவர்ட்', கடைசியில் 'லார்ட்'. பிரபு, ஆண்டவன் என்று நாம் மொழிபெயர்க்கும் அத்தனை மிடுக்கான சொல்லின் அடியில் ஒரு ரொட்டிக்கூடைதான் இருக்கிறது. வீட்டில் ரொட்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவன் தலைவன். அந்த ரொட்டியைத் தின்று வாழ்பவனுக்கும் பெயர் உண்டு: 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்பவன். கெண்ட் நாட்டு அரசன் எதல்பெர்ட் ஏறத்தாழ கி.பி. 600-ல் எழுதவைத்த சட்டத்திலேயே இந்தச் சொல் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் செஞ்சோற்றுக் கடன்தான் நினைவுக்கு வந்தது. படியளப்பவன், உப்பிட்டவர் என்று நாம் சொல்வதெல்லாம் இதே கணக்குத்தானே? வேர் ஒன்றல்ல, மொழிக்குடும்பம் வேறு. ஆனால் பசித்தவனுக்கு எந்த நாட்டிலும் தலைவன் தெரிவது களஞ்சியத்துச் சாவியில்தான். நம் நீதிமன்றங்களில் 'மை லார்ட்' என்று அழைக்க வேண்டியதில்லை என்று இந்திய பார் கவுன்சில் 2006-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வழக்கம் போகவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 'என் ரொட்டிக் காவலரே' என்று எனக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

'லேடி'யும் அதே ரொட்டிதான். 'ஹ்லேஃப்டீயெ' என்றால் ரொட்டி மாவு பிசைபவள். சீமாட்டி, கனவான் வீட்டு அம்மாள் என்றெல்லாம் பின்னால் ஏறிய பொருள்கள். நேற்று இரவு மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்று இதை விளக்கினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அவ்வளவு மரியாதையான வேலையா? அப்படியானால் இன்றைக்கு நீங்களே லேடியாக இருங்கள்" என்று பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். சப்பாத்தி கல்லாக வந்தது. சொற்பிறப்பு அறிவு மாவு பிசைய உதவவில்லை.

இன்னொன்று, சன்னல். ஆங்கிலத்தில் 'விண்டோ' என்கிறோமே, அது கடலோடிகளான வட ஐரோப்பிய வைக்கிங்குகளின் சொல். 'விந்தௌக', அதாவது காற்றுக்கண். அது வருவதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் 'கண்துளை' என்று பொருள்படும் சொல் இருந்தது. துளையைக் குறித்த அந்தத் 'திரெல்' சன்னலைவிட்டுப் போய்விட்டாலும் மூக்கில் ஒளிந்துகொண்டு பிழைத்துக்கொண்டது. 'நாஸ்ட்ரில்' என்பதன் பின்பாதி அதுதான். இப்போது நம் பக்கம் வாருங்கள். சன்னலுக்குத் தமிழில் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு 'மான்கண் காலதர்' இருந்ததாக வருகிறது. மானின் கண்போன்ற சன்னல். காற்றும் உண்டு, கண்ணும் உண்டு! சித்தப்பாவிடம் சொன்னால் வைக்கிங்குகள் பூம்புகாரில் கொத்தனார் வேலை பார்த்தார்கள் என்று மறுநாள் பட்டியல் வந்துவிடும். கண்ணாடி இல்லாத காலத்தில் சுவரில் ஓட்டை போட்ட இரண்டு கூட்டத்தாருக்கும் ஒன்றே தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

பொருள் கெட்டுப்போன சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் தலபுராணம் மெய்ப்புக்கு வந்தது. 'மலர் நாறும் சோலை' என்று இருந்தது. கடவுளின் சோலை நாறலாமா என்று பதறி, 'நாறும்' என்பதை 'நாளும்' என்று திருத்திவிட்டேன். ஆயிரம் படி அச்சாகிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கற்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் பாடினாளே, அவளையும் திருத்தப் போகிறாயா?" என்று கேட்டார். நாற்றம் என்றால் அன்று மணம். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' என்ற சொல்லும் இதே வழியில் சரிந்தது என்று. பழைய ஆங்கிலத்தில் பூவும் 'ஸ்டிங்க்' செய்யும், புழுத்த மீனும் செய்யும். மனிதன் நல்ல மணத்தை முகர்ந்துவிட்டுப் பேசாமல் போகிறான். கெட்டதைத்தான் ஊரைக் கூட்டிச் சொல்கிறான். சொல் பாவம், எந்தப் பக்கம் அதிகம் இழுத்தார்களோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கெட்ட கனவைச் சொல்லும் 'நைட்மேர்' வார்த்தையில் இருக்கும் 'மேர்' பெண்குதிரை அன்று. தூங்குகிறவன் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் பேய்க்கு அந்தப் பெயர். நம் ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். குதிரைப் படம் போட்டு விளக்கம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் பழைய ஆங்கிலத்துக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கலே இல்லையா? இருக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. கி.பி. 735-ல் வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி இறந்தார். பெரிய வரலாற்றாசிரியர். சாகும் தறுவாயில் தன் பெட்டியில் இருந்த சொற்பப் பொருள்களை மற்றத் துறவிகளுக்குப் பங்கிட்டதாக அவருடைய மாணவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் ஒன்று மிளகு. அந்தக் காலத்து மிளகுக்கு மேற்குக் கடற்கரையைத் தவிர வேறு ஊர் ஏது? யவனர் கப்பல்கள் முசிறிக்குப் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு சொல்லும் அதே சரக்கு. அங்கே கறி என்றால் மிளகு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் 'பிபொர்' என்று பெயர்; லத்தீன், கிரேக்கம் வழியாகப் போனால் வடமொழியின் 'பிப்பலீ', நம் திப்பிலி. சரக்கு மிளகு, பெயர் திப்பிலியுடையது. வியாபாரத்தில் அன்றும் சீட்டு மாறியிருக்கிறது.

இன்னும் நெருக்கமானது இஞ்சி. பழைய ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினால் 'கிங்கிஃபெர்'. லத்தீனில் 'ஸிங்கிபெரி', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', பாலி மொழியில் 'சிங்கிவேர'. அங்கிருந்து நேராக நம் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடலாம்: இஞ்சி, வேர். ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று இருக்கிறது. ஆங்கில அகராதிகளே திராவிடச் சொல் என்று ஒப்புக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், வடமொழியில் இதைச் 'சிருங்கவேரம்' ஆக்கி, சிருங்கம் என்றால் கொம்பு, கொம்புபோல் உடம்புடையது என்று பொருளும் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா எல்லாக் காலத்திலும் எல்லா மொழியிலும் இருந்திருக்கிறார்.

மனம் கேட்காமல் நேற்றுக் காலை இந்த இஞ்சிக் கதையை மட்டும் அவருக்குத் தனியாக அனுப்பினேன். பதில் இல்லை. மாலையில் குழுவில் வந்தது. என் பெயரை எடுத்துவிட்டு, 'பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்' என்ற முன்னுரையோடு. கடைசி வரி அவரே சேர்த்தது: 'காயத்துக்குப் போடும் டிஞ்சர் என்பதும் இஞ்சியே.'