யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று முதலாளிக்குத் தெரியாது

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் அக்காமாரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. “ஓட்டுச் சீட்டில் நம்பர் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்று முதலாளி கண்டுபிடித்துவிடுவார், சொன்ன சின்னத்துக்குப் போடாவிட்டால் வேலை போகும்” என்கிறது அது. தவறான தகவல்.

ஓட்டு இயந்திரத்தில் பட்டனை அழுத்தியதும், பக்கத்தில் இருக்கும் விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் 7 நொடி ஒரு சீட்டு தெரியும். அதில் இருப்பது வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே. உங்கள் பெயரோ வாக்காளர் எண்ணோ கிடையாது. அப்புறம் அது தானாக அறுந்து, மூடிய பெட்டிக்குள் விழுந்துவிடும். யார் கையிலும் கிடைக்காது. ஒரு பூத்தில் யாருக்கு மொத்தம் எத்தனை ஓட்டு என்பது பிறகு வெளியே தெரியும், உண்மைதான். ஆனால் அதை வைத்து உங்கள் ஓட்டைப் பிரித்தெடுக்க வழியில்லை. போட்டோ எடுத்து வரச் சொன்னாலும் முடியாது, வாக்குச்சாவடிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை.

மிரட்டுவதுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். இரண்டு சட்டங்களையும் அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் படிக்கலாம்.

யாராவது மிரட்டினால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். பயந்துபோய் ஓட்டுப் போடவே போகாமல் இருக்கும் ஒரு அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.