வடித்தால் மட்டும் போதாது
பீட் மண்ணில் (சதுப்பில் மட்காத செடிகொடி சேர்ந்து உருவான மெத்தென்ற மண்) சாலை, பாலம் கட்டுவது பற்றிய கட்டுரையில், "தண்ணீரை வடித்துவிட்டால் பீட் மண் கெட்டியாகிவிடும்" என்று இருப்பது பாதி உண்மைதான். வாய்க்கால் வெட்டி வடித்தால் காற்று புகுந்து, அதுவரை மட்காமல் கிடந்த செடிகொடி மட்கத் தொடங்கும். மண்ணே காணாமல் போகும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற, வடிக்கப்பட்ட சதுப்பு நிலத்தில் 1851-இல் தரைமட்டத்துக்குப் புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'பைல் (கெட்டியான அடிமண் வரை இறக்கும் தூண்) போட்டால் முடிந்தது' என்கிறார். சரி, பாலம் அசையாது. அதை ஒட்டிய சாலை? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பாலத்தின் முனையில் சாலை ஒரு சாண் இறங்கிவிட்டது. நிரவுவதற்குத் தார் போடப் போட, அந்த எடையிலேயே இன்னும் இறங்கியது. அப்புறம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டுத் எடை குறைந்த தெர்மாகோல் கட்டிகளை அடுக்கினோம். சிரிக்க வேண்டாம், நார்வேயில் 1972-இலேயே இதைச் செய்துவிட்டார்கள்.