"முதலாளி இருக்காருங்களா?"

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர். அதன் கீழே கம்பெனி பெயர், "உரிமையாளர்". திருப்பூரில் இது சகஜம்தான். இங்கே கம்பெனி பெயர்தான் ஆளுக்கு இனிஷியல். மச்சான் போனில்கூட நான் கம்பெனி பெயரில்தான் இருக்கிறேன்.

பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக, சேர்ந்தவன் நான். அப்புறம் பதினோரு வருசம் ஓவர்லாக் டெய்லர். 2012ல் எட்டு மெஷினோடு சொந்தமாக ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, ஆரம்பித்தேன். இன்றைக்கும் யாராவது வந்து "முதலாளி இருக்காருங்களா?" என்று கேட்டால், "இருங்க, வரச்சொல்றேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். ஒருமுறை சொல்லியே விட்டேன்!

இதற்குப் பெயர் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். தேடிப் படித்தேன். 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியது. நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தார்களாம். தகுதியில்லாமல் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு. அதை அந்த இருவரும் நோய் என்று சொல்லவே இல்லை. சிண்ட்ரோம் என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்களிடம் பட்டம் இருந்தது. சான்று கையில் இருந்தும் நம்ப முடியவில்லை. என்னிடம் என்ன சான்று இருக்கிறது? முதலை ஆள்பவன் முதலாளி. என் முதல் பேங்க்குடையது, மெஷின் ஃபைனான்ஸ்காரருடையது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. என் பில் 90 நாளில் வந்தால் அன்று வீட்டில் பாயசம். சனிக்கிழமை மதியம் நாலு பேருக்குப் போன் போட்டுக் கைமாத்து வாங்கி, சாயங்காலம் சம்பளக் கவர் கொடுப்பேன். "வர்றனுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றுவது மனப்பிரமை இல்லை, கணக்கு.

இன்னொன்றும் உண்டு. முதல் பெரிய ஆர்டருக்குப் போனபோது, "எத்தன மெஷின்?" என்றார்கள். இருபது என்றேன். பன்னிரண்டைப் பக்கத்து யூனிட்டில் கேட்டு வாங்கி ஓட்டி, சொன்ன தேதியில் சரக்கைக் கொடுத்தேன். பொய்யில் ஆரம்பித்து, அது வெளியே தெரிவதற்குள் உண்மையாக்கிவிடுவதுதான் இந்தத் தொழில். இப்படி வந்தவனிடம் போய் "உன்னை நம்பு" என்று செமினாரில் சொன்னால் என்ன அர்த்தம்? அவன் தன்னைச் சந்தேகப்படுவதால்தான் ராத்திரி பதினோரு மணிக்கும் செக்கிங் டேபிளில் நிற்கிறான்.

எனக்குப் பயம் அதில் இல்லை. அந்தப் பன்னிரண்டு மெஷினைக் கொடுத்த அண்ணன், 2020 லாக்டவுனுக்குப் பிறகு யூனிட்டை மூடிவிட்டார். இப்போது வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணம் காட்சிக்கு வருவதில்லை. அவர் கூப்பிட்டால் என் போனில் இன்னமும் அந்த மூடின கம்பெனியின் பெயர்தான் ஒளிர்கிறது.

பத்திரிகை வந்த அன்று அதை மாற்றலாம் என்று எடுத்தேன். கம்பெனி பெயரை அழித்தேன். இத்தனை வருசமும் அண்ணா, அண்ணா என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.